பிற்பகலில் வரும் சாலை

பகல் தொழுகை முடிந்து, சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வீட்டில் எல்லோரும் கண்ணயரும் நேரத்தில்தான் சாலை வரும். கின்ஸிக்கு அது முதலில் பாதத்தில் தெரியும். உள்ளங்காலுக்கு அடியில் மண் மெல்லச் சூடேறும். பிறகு அறையின் மேற்குச் சுவர் தண்ணீரில் விட்ட சாயம் போலக் கரையத் தொடங்கும். சுவருக்கு அப்பால் புழுதி. புழுதிக்குள் ஆட்கள் போய்க்கொண்டிருப்பார்கள். தலையில் பாய்ச்சுருள் வைத்த பெண்கள், சக்கரம் கோணிய கழுதை வண்டி, கிழவரை முதுகில் சுமந்த ஒருவன். யாரும் பேசமாட்டார்கள். யாருக்கும் முகம் இருக்காது. கின்ஸி எழுந்து அவர்களோடு சேர்ந்துகொள்வாள். முற்றத்தைத் தாண்டும் முன்னே கணுக்காலில் சங்கிலி சுண்டி இழுக்கும்.

சங்கிலியின் மறுமுனை முற்றத்தில் கிடந்த லாரி எஞ்சினில் பூட்டியிருந்தது. அவள் கணவன் தீரியே ஒரு காலத்தில் ஓட்டிய லாரி அது. போரில் எரிந்து, பிறகு தேடி எடுத்துவந்த எஞ்சின் மட்டும் மிச்சம். ஹர்கெய்சாவில் அப்போது எல்லாமே அப்படி மிச்சம்தான். வீட்டுக்குச் சுவர் உண்டு, கூரை இல்லை. கூரைத் தகரத்தைப் பட்டாளத்துக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அகதி முகாமிலிருந்து திரும்பியவர்கள் சுவர்களுக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொண்டு குடியிருந்தார்கள். பிற்பகல் காற்றில் ஊர் முழுக்க அந்த விரிப்புகள் படபடக்கும். கடல் பார்த்திராதவர்கள்கூடக் கடல் சத்தம் என்று சொல்வார்கள்.

"மெக்காவுக்குக் கிளம்பறவகூட இவ்வளவு அவசரமா எந்திரிக்க மாட்டா. உக்காருடி" என்பாள் எப்லா. தீரியேயின் அக்கா. விதவை. சங்கிலியின் சாவி அவள் கழுத்தில் தொங்கியது. திட்டிக்கொண்டே வந்து கின்ஸியை உட்காரவைத்து, ஒட்டகப் பால் ஊற்றிய தேநீரை வாயில் வைப்பாள்.

சாலை எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

போர் வந்த வருஷம், ஊரின் விமானநிலையத்திலிருந்தே அரசாங்க விமானங்கள் எழும்பி ஊரின் மேலேயே குண்டு போட்டன. தீரியே அப்போது லாரியோடு பெர்பெரா துறைமுகத்தில் மாட்டிக்கொண்டான். கின்ஸி கைக்குழந்தை உபாவைத் தூக்கிக்கொண்டு எத்தியோப்பிய எல்லையைப் பார்த்து நடந்தாள். வழியில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. தண்ணீர் தீர்ந்தது. ஒரு பிற்பகலில், கூட வந்த முதியவள் ஒருத்தி குழந்தையின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்து, "முடிஞ்சு போச்சும்மா. இறக்கி வை. இருக்கறவங்க நடக்கணும்" என்றாள். அதற்குள் சாலையோடு சாலையாக விமானம் ஒன்று தாழப் பறந்து வந்தது. குழி தோண்ட நேரமில்லை. கின்ஸி தன் மஞ்சள் மேல்துணியில் குழந்தையைச் சுற்றி ஒரு வேலமரத்தின் அடியில் வைத்தாள். யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். ஓடினாள்.

வெகுதூரம் போன பிறகும், குழந்தை கிடந்த முழங்கையில் சூடு ஆறவில்லை. காய்ச்சலின் சூடா, வெயிலின் சூடா, உயிரின் சூடா? அந்தக் கேள்வியோடு முகாமில் வருஷங்கள் போயின. தீரியே தேடிப்பிடித்து வந்து சேர்ந்தான். போர் ஓய்ந்து ஊர் திரும்பினார்கள். திரும்பிய பிறகுதான் சாலை அவளைத் தேடி வீட்டுக்கு வர ஆரம்பித்தது.

முதலில் சங்கிலி இல்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு ஷுக்ரியின் குழந்தை நிழலில் தூங்கிக்கொண்டிருந்ததை கின்ஸி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விமானம் வருகிறது, யாரும் இந்தப் பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. வறண்ட ஆற்றைக் கடந்து, கண்ணிவெடிக்கு அடையாளமாகச் சிவப்பு பூசிய கற்களுக்கு வெகு அருகில் அவள் நடந்துகொண்டிருந்தபோது ஆண்கள் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. ஷுக்ரி திட்டவில்லை, குழந்தையை வாங்கி மார்போடு இறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அன்று மாலையே எப்லா சந்தைக்குப் போய்ச் சங்கிலி வாங்கி வந்தாள்.

"இது அவளைக் கட்டறதுக்கு இல்லடா" என்றாள் தம்பியிடம். "ஊரு அவளைக் கல்லால அடிக்காம இருக்கறதுக்கு."

தீரியே எழுந்தான். வெளியே போய்த் திண்டில் சாய்ந்து, மயக்கம் தரும் காட் இலையை மென்றுகொண்டிருந்தான்.

பிறகு ஷேக் நூரின் ஓதும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வரிசையாகப் பாய்களில் ஆட்கள் கிடந்தார்கள். ஒருவன் தன் இல்லாத காலைச் சொறிந்துகொண்டே இருந்தான். சீடர்கள் ஒலிபெருக்கியைக் காதோரம் வைத்து வேதம் ஓதினார்கள். ஓதிய தண்ணீரை முகத்தில் தெளித்தார்கள். ஜின்னே, உன் பெயர் என்ன, எப்போது வெளியேறுவாய் என்று அதட்டினார்கள். கின்ஸிக்கு அந்த ஓதல் பிடித்திருந்தது. பெரிய ஆற்றின் அடியில் படுத்துக்கொண்டு மேலே தண்ணீர் போவதைக் கேட்பது போல இருந்தது. அதட்டல்தான் புரியவில்லை. ஜின்னைக் கேட்கிறார்கள், ஜின் பதில் சொல்லட்டும் என்று பேசாமல் கிடந்தாள்.

சில வாரங்கள் கழித்து ஷேக்கே தீரியேயை அழைத்தார். வெள்ளைத் தாடிக்காரர், குரல் உடைந்தவர்.

"தம்பி, உன் பெண்சாதிகிட்ட ஜின் இல்ல. துக்கம் இருக்கு. துக்கத்தை என்னால துரத்த முடியாது. நான் துவா கேக்கறேன், நீ அந்தப் பல்லழகிகிட்ட கூட்டிட்டுப் போ" என்றார்.

பல்லழகி என்றால் நர்ஸ் அம்பரோ. முன்பல் இரண்டும் உடைந்தவள், அதனால் அந்தப் பெயர். நம் ஊரில் பட்டப்பெயர் இல்லாதவன் இன்னும் பிறக்காதவன். தீரியேக்கு நெட்டை, எப்லாவுக்கு மிளகாய். அம்பரோ முகாமில் வேலை பார்த்தவள். ஊர் திரும்பியதும், கப்பலில் வந்த பழைய சரக்குப்பெட்டி ஒன்றில் ஜன்னல் வெட்டி மருத்துவமனை வைத்திருந்தாள். மனம் கலங்கியவர்களைப் பார்க்கிற நர்ஸ் அந்தப் பக்கத்தில் அவள் ஒருத்திதான்.

அவள் வீட்டுக்கே வந்தாள். வந்ததும் எஞ்சினையும் சங்கிலியையும் பார்த்தாள். கின்ஸியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"தினமும் எங்கே கிளம்பற?"

கின்ஸி திரும்பிப் பார்த்தாள். ஏன் போகிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

"மேற்கே."

"எதுவரைக்கும்?"

"மரம் வரைக்கும்."

"போய்ச் சேந்திருக்கியா?"

"எப்படிச் சேர? கால்ல இது இருக்கே."

அம்பரோ சிரித்துவிட்டாள். கின்ஸிக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. பிறகு அவள் அம்பரோவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நர்சுதானே? சொல்லு. செத்த பிள்ளைக்குச் சூடு இருக்குமா?"

சமையல் மூலையில் எப்லாவின் கை நின்றது.

"இருக்கும்" என்றாள் அம்பரோ. "கொஞ்ச நேரம் இருக்கும். வெயில்ல இன்னும் அதிகமா இருக்கும். ஆனா உன் பிள்ளைய நான் பாக்கல கின்ஸி. பாக்காததைப் பாத்த மாதிரி சொல்ல மாட்டேன்."

கின்ஸி அவள் கையை விடவில்லை. அம்பரோ மாத்திரைகளை எப்லாவிடம் கொடுத்து, எப்போது எப்படி என்று விளக்கினாள். போகும்போது, "சங்கிலிய எடுத்துடு" என்றாள்.

எப்லா பொரிந்து தள்ளினாள். "எடுத்துடவா? அவ போயி கண்ணிவெடில கால வெச்சா நீ வந்து பொறுக்குவியா?"

"கட்டிப்போட்டா நோய் செத்துடுமா? அதுவும் அவகூட உக்காந்து தின்னு கொழுக்குது. அவ போகட்டும். கூட நீயும் போ."

"யாரு, நானா? என் முழங்காலப் பாத்தியா நீ?"

"பாத்தேன். அதுக்கும் நடைதான் மருந்து."

அன்று சாயங்காலம் எப்லா கழற்றிக் கொடுத்த சாவியால் தீரியே பூட்டைத் திறந்தான். துருப்பிடித்த பூட்டு, சாவி திரும்ப அடம்பிடித்தது. கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்திருந்தது. வெண்ணெய் உருக்கிக் கொண்டுவந்து தடவினான். நெட்டை உடம்பை மடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முடிந்த பிறகும் தடவிக்கொண்டே இருந்தான்.

"போதும்டா, அவ காலு. லஹோஹ் ரொட்டி சுடற கல்லு இல்ல" என்றாள் எப்லா.

மாத்திரை கின்ஸியைக் கிணற்றுக்குள் தள்ளியது போலத் தூங்கவைத்தது. நாக்கு தடித்து, வாய் காய்ந்துபோனது. கை நடுங்கி ஒருநாள் பால்குடுவையைக் கீழே போட்டாள். அம்பரோ அளவைக் குறைத்தாள், வேறொன்று கொடுத்தாள். சாலை வருவது நிற்கவில்லை. ஆனால் துவைத்துத் துவைத்து மெலிந்த துணி போல ஆயிற்று. அதன் வழியாகப் பார்த்தால் சுவர் தெரிந்தது. சுவரில் போன பல்லி தெரிந்தது.

சாலை வரும்போது எழுந்து நடப்பாள். எப்லா செருப்பைத் தேடிக்கொண்டு பின்னாலேயே ஓடிவருவாள்.

"எங்க கிளம்பியாச்சு ரெண்டு பேரும்?" என்று தேநீர்க் கடையிலிருந்து கேட்பார்கள்.

"எத்தியோப்பியாவுக்கு! ஏதாச்சும் வாங்கிட்டு வரணுமா?"

"எனக்கு ஒரு புது பொண்டாட்டி!"

"இருக்கறவளே ஓடிடப் போறா, உனக்குப் புதுசு ஒரு கேடா?"

ஒட்டகச் சந்தை தாண்டி, கடைசி வீட்டுக்கு அப்பால் ஒரு பாறை உண்டு. அதற்கு மேல் சிவப்புக் கற்கள். அந்தப் பாறையில் இருவரும் உட்காருவார்கள். கின்ஸிக்குச் சாலை மேற்கே போய்க்கொண்டிருக்கும். எப்லாவுக்கு முழங்கால் வலித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் எப்லா தன் இரண்டு மகன்களைப் பற்றிச் சொன்னாள். பட்டாளத்துக்காரர்கள் கூட்டிப்போனார்கள், கேள்வி கேட்டுவிட்டு அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவில்லை. வழிதவறிப் போன ஆடுகளைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள். கண் காய்ந்திருந்தது. "வா, அடுப்புல வேலை கிடக்கு" என்று எழுந்துவிட்டாள்.

மழை பெய்து தரை பச்சை காட்டிய நாட்களில் கின்ஸி கணவனிடம் கேட்டாள். "என்னை முழுசாக் கூட்டிட்டுப் போறியா? மரம் வரைக்கும்."

"அங்க என்ன இருக்கு கின்ஸி?" என்றான் தீரியே. "ஒண்ணும் இருக்காது."

"ஒண்ணும் இல்லைன்னா அதைப் பாத்துட்டு வரேன்."

அவனுக்குப் பயம். அங்கே போய் அவள் மொத்தமாக உடைந்துபோனால்? அம்பரோவைக் கேட்டான். எனக்கும் தெரியாது, ஆனால் அவள் தானாகக் கேட்கிறாள், கேட்டது அவள் நோய் இல்லை என்றாள் அம்பரோ. எப்லா அதற்கு மேல் யோசிக்கவிடவில்லை. "போடா நெட்டையா. பெர்பெராவுல உக்காந்திருந்தே அன்னிக்கு. இப்பவாச்சும் கூட நட."

சொன்ன பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். தீரியே மறுநாள் எல்லைக்குப் போகும் வெங்காய லாரி ஒன்றைப் பிடித்தான்.

சாலையின் பாதி தூரத்தில் ஒரு பழைய கிணற்றருகே இறங்கினார்கள். சக்கரத் தடத்தை விட்டு விலகாமல் நடந்தார்கள். பகல் வெளிச்சத்தில், மழை கழுவிய காற்றில், கின்ஸிக்கு எல்லாம் கனவைவிட மெல்லியதாகத் தெரிந்தது. மேடு தெரிந்தது. மேட்டின் கீழே ஓடை மடங்கும் இடம் தெரிந்தது. இங்கேதான் என்றாள். மரம் இல்லை. ஒரு மரமும் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை அடிக்கட்டைகள் மட்டும் நின்றன.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி அவர்களைப் பார்த்துக் குச்சியைத் தோளில் குறுக்கே போட்டபடி வந்தாள். தஹபோ என்று பெயர் சொன்னாள். எந்தக் குலக் கிளை, யார் மக்கள் என்று விசாரித்தாள். பிறகு என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள்.

"மரம்" என்றாள் கின்ஸி.

"மரமா? அது கரியாகி உங்க ஊரு அடுப்புல எரிஞ்சு எத்தனையோ காலமாச்சே." சொல்லிவிட்டு அவள் கின்ஸியின் முகத்தைப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது. "அந்த வருஷம் இந்த வழியா நடந்தவளா நீ?"

கின்ஸி தலையசைத்தாள்.

தஹபோ அவர்களை மேட்டின் பின்பக்கம் கூட்டிப்போனாள். அங்கே கற்குவியல்கள் இருந்தன. சில நீளமானவை. ஓரமாகத் தனியாக, அணைத்துப் படுத்தாற்போல, சிறியவை சில.

"எங்கம்மா பண்ணினது. விமானம் போனதும் வந்து பார்ப்பா. கண்டவங்களை எல்லாம் புதைச்சா. நான் கல் எடுத்துக் கொடுத்தேன்."

"உயிரோட யாராச்சும் இருந்தாங்களா?" கின்ஸியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டாள்.

"பெரியவங்க ரெண்டு பேரு. தூக்கிட்டுப் போய் பால் கொடுத்தோம். ஒருத்தர் பிழைச்சாரு. சின்னதுங்க யாரும் இல்ல தங்கச்சி. ஒவ்வொண்ணு மூக்குகிட்டயும் அம்மா ஆட்டு ரோமத்தைப் பிடிச்சுப் பார்ப்பா. ரோமம் அசையுதான்னு வெகுநேரம் பார்ப்பா. நான் பொறுமையில்லாம கத்துவேன். அவ அசைய மாட்டா."

"மஞ்சத் துணி சுத்தின ஒண்ணு..."

தஹபோ யோசித்தாள். தீரியேயைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "துணி ஞாபகம் இல்ல. இருந்துதுன்னு சொன்னா உனக்கு ஆறுதலா இருக்கும். ஆனா ஞாபகம் இல்லம்மா."

துணி ஞாபகமில்லை என்று அவள் சொன்னதால்தான் ரோமத்தைக் கின்ஸி நம்பினாள். அசையாத ஆட்டு ரோமம். அதையே பார்த்துக்கொண்டிருக்கும் முகம் தெரியாத ஒரு பெண். தான் ஓடிப்போன பிறகு அங்கே ஒருத்தி குனிந்து, அவசரப்படாமல், தன் பிள்ளையின் மூச்சுக்காகக் காத்திருந்திருக்கிறாள். கின்ஸி சிறிய குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். எது உபா என்று தேடவில்லை.

"பிள்ளை பேரு என்ன?" என்றாள் தஹபோ.

"உபா." அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்லி வருஷங்கள் ஆகியிருந்தன. பூ என்று அர்த்தம்.

தீரியே ஓடையில் கை கால் கழுவி வந்து முன்னால் நின்றான். பெண்கள் இருவரும் பின்னால் நின்றார்கள். குனியாமல், நெற்றி தரையில் படாமல், நின்றபடியே தொழும் இறுதித் தொழுகை. குழந்தைகள் எல்லோருக்கும் சேர்த்துத் தொழுதான். நடுவில் அவன் குரல் நின்றுவிட்டது. ஆடுகள் புல் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குரல் மறுபடி எழுந்தது.

தஹபோ தன் பாய்க்குடிலில் புகை மணக்கும் பால் கொடுத்தாள். குடித்துவிட்டு கின்ஸி அங்கேயே சாய்ந்தாள். பிற்பகல் முழுவதும் தூங்கினாள். பாயின் துளைகள் வழியாக வெளிச்சம் அவள்மேல் புள்ளிபுள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தது. தீரியே வாசலில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஊரில், கின்ஸிக்குக் குணமாகிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. அப்படி இல்லை. மருந்து வராத மாதத்தில் சுவர் மறுபடி கரைந்தது. ஒருநாள் பாதி சமைத்த பாத்திரத்தை அடுப்பில் விட்டுவிட்டு ஒட்டகச் சந்தை வரை போய்விட்டாள். அம்பரோ யாரிடமோ கெஞ்சி, பக்கத்து நாடான ஜிபூத்தியிலிருந்து மாத்திரை வரவழைத்தாள். ஆனால் இப்போது சாலையில் ஆட்கள் குறைந்திருந்தார்கள். சில நாள் வெறும் புழுதி மட்டும் வந்துவிட்டுப் போயிற்று.

பிறகு விமானநிலையத்துப் பக்கம் மறுபடி துப்பாக்கிச் சத்தம் கேட்டது. இந்தமுறை அடித்துக்கொண்டது நம்மவர்களே. பேசித் தீர்த்துவிடுவார்கள் என்றார்கள் பெரியவர்கள். ஒரு குண்டு அடுத்த தெருவில் விழுந்தது. ஊர் மூட்டை கட்டியது.

பாத்திரங்களைப் பாயில் சுருட்டிக்கொண்டிருந்தபோது தீரியேயும் எப்லாவும் கின்ஸியையே பார்த்தார்கள். அவள் மாத்திரைகளை மேல்துணியின் முனையில் முடிந்துகொண்டு, தண்ணீர்க் குடுவையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "என்னைப் பாத்துட்டே நின்னா குண்டு காத்திருக்குமா?" என்றாள்.

மேற்கே நடந்தார்கள். வெயில், புழுதி, பாய்ச்சுருள் சுமந்த பெண்கள். ஆனால் குடுவையின் வார் தோளை அறுத்தது. ஒருவன் செருப்பு அறுந்துபோனதற்குத் தன் மாமியாரைத் திட்டிக்கொண்டு போனான். ஒரு கழுதை நடுச்சாலையில் படுத்துக்கொண்டு எழ மறுத்தது. எல்லோருக்கும் முகம் இருந்தது. இது நிஜம் என்று கின்ஸிக்குத் தெரிந்தது. தெரிந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது.

பாறையைத் தாண்டி, சக்கரத் தடத்தை விடாமல் சிறிது தூரம் போனதும் எப்லா சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"முழங்காலா அக்கா?" என்றான் தீரியே.

"நான் வரல. நீங்க போங்க."

"என்ன பேசற நீ?"

"பசங்க வந்தா வீடு பூட்டியிருக்கும்டா. அம்மா எங்கன்னு தேடுவாங்க." எப்லா அதை மிகச் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டவள் போல வாய் கோணியது. முகம் மெல்லச் சுருங்கி, உள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. இத்தனை வருஷம் யாரும் அவளிடம் கேட்டிராத சத்தம்.

தீரியே பதறினான். "எல்லாரும் முன்னாடி போயிட்டாங்க. எந்திரி அக்கா, எந்திரி..."

கின்ஸி குடுவையை இறக்கிவைத்துவிட்டு எப்லாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையன்கள் வரமாட்டார்கள் என்றும் சொல்லவில்லை, வருவார்கள் என்றும் சொல்லவில்லை. அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"போகட்டும் விடு" என்றாள் கணவனிடம். "எல்லை எங்கயும் ஓடிடாது. அழுது முடிக்கட்டும்."

கூட்டம் அவர்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. யாரோ ஒருத்தி நிற்காமலே ஒரு பேரீச்சம்பழத்தைக் கின்ஸியின் கையில் வைத்துவிட்டுப் போனாள். வெயில் சாய்ந்த பிறகு மூவரும் எழுந்து நடந்தார்கள்.

அந்த முறையும் எல்லை தாண்டினார்கள். அந்த முறையும் திரும்பி வந்தார்கள், சண்டை அடங்கிய பிறகு. கின்ஸிக்கு அதன் பின் பிள்ளை பிறக்கவில்லை. மாத்திரையை அவள் விட்டதுமில்லை. அம்பரோவின் சரக்குப்பெட்டிக்கு மாதாமாதம் போவாள், இப்போது எப்லாவும் கூடவே. எப்லாவுக்குத் தூக்கம் வருவதற்கு என்று அம்பரோ ஒரு மாத்திரை கொடுத்திருந்தாள். பைத்தியக்காரி மருந்து எனக்கெதற்கு என்று அவள் அதை வாய்க்குள் ஒதுக்கிவைத்து, தண்ணீர் குடித்து, பிறகு வெளியே போய் ஆட்டின் தீவனத்தில் துப்பிவந்தாள். ஆடு மறுநாள் பிற்பகல்வரை எழுந்திருக்கவில்லை. சாவதற்குள் அறுத்துவிடலாம் என்று தீரியே கத்தியைத் தேட, உண்மை வெளியே வந்தது.

"ஆட்டுக்கு மனசு லேசாயிருக்கும்" என்றாள் அம்பரோ. "உனக்கு எப்படி இருக்கு?"

எப்லா முறைத்தாள். "தண்ணி கொடு" என்று மாத்திரைக்குக் கையை நீட்டினாள்.